தவறிய கேள்விகளை எடுத்து வையுங்கள்



எங்கள் தெருவில் ஒரு பையன் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். விடியற்காலை நாலரை மணிக்கே அவன் அறையில் விளக்கு எரியும். ஆனால் நான்கு மாதிரித் தேர்வு எழுதியும் மதிப்பெண் 400-ஐ விட்டு நகரவில்லை. "இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிக்கச் சொல்லட்டுமா, சார்?" என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார்கள். எழுதிய வினாத்தாள்களைக் கொண்டு வரச் சொன்னேன். நான்கும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மதிப்பெண் தெரிந்த பிறகு ஒன்றைக்கூட அவன் பிரித்துப் பார்க்கவில்லை!

நீங்களும் அப்படித்தானா? மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், வருந்துகிறோம், மறுபடியும் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். இது வீண் உழைப்பு என்பது என் கருத்து. இன்னும் படிப்பதற்கு முன், தவறவிட்ட கேள்விகளை உட்கார்ந்து ஆராய வேண்டும்.

நீட் தேர்வே நியாயமானதுதானா என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி அரசு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டன. 2017 முதல்தான் நீட் வந்தது. பணம் கட்டிப் பயிற்சி பெறுபவருக்கும், அது இயலாதவருக்கும் இடையே உள்ள வேறுபாடு எனக்கும் தெரியும். அந்த வாதம் நடக்க வேண்டியதுதான். ஆனால் நான் இங்கே சொல்லும் வழிக்குப் பழைய வினாத்தாளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

திரும்பத் திரும்ப வாசித்தால் என்ன ஆகும்? பாடம் பழகிப் போகும். பழகியதைத் தெரிந்ததாக நம் மனம் எடுத்துக்கொள்ளும். இங்கேதான் ஏமாறுகிறோம். அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகர், கார்பிக் இருவரும் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிறு அறிவியல் பகுதிகளைக் கொடுத்தார்கள். சில பகுதிகளை மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். வேறு சிலவற்றை ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரு முறை படித்ததே முன்னால் நின்றது: 81 விழுக்காடு நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்! படித்ததில் 42 விழுக்காடுதான் மிஞ்சியது; எழுதிப் பார்த்ததில் 56. நீட் தேர்வு நீங்கள் படித்த 5 நிமிடத்தில் வருவதில்லையே!

ஆகவே மாதிரித் தேர்வு என்பது அளவுகோல் மட்டுமல்ல, அதுவும் ஒரு படிப்புத்தான். ஆனால் தவறுகளைத் திருத்திக்கொண்டால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்.

தவறுகளிலும் பல வகை உண்டு. பாடமே தெரியாதது ஒன்று. தெரிந்தும் நினைவுக்கு வராதது ஒன்று. "பின்வருவனவற்றுள் சரியல்லாதது எது?" என்ற கேள்வியில் 'அல்லாதது' என்பதைக் கவனியாமல் சரியானதைக் குறிப்பது மற்றொன்று. பிறகு, கணக்கில் வரும் பிழை. இந்தக் கடைசி வகைகளை "கவனக்குறைவு, அடுத்த முறை வராது" என்று தள்ளிவிடுகிறோம். அவை அடுத்த முறையும் வரும். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. அப்படியானால் தவறாகக் குறித்த ஒரு கேள்வியில் நம் இழப்பு எவ்வளவு? ஒன்று அல்ல, ஐந்து! வர வேண்டிய 4 வரவில்லை, இருந்ததில் 1 போயிற்று. அவசரமாக வாசித்து 12 கேள்விகளைத் தவறவிட்டால் 60 மதிப்பெண். அதற்கு ஒரு பாடத்தையும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை.

தெரியாத கேள்வியை ஊகித்துக் குறிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு 4 கேள்விகளைக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும்: 4 கூட்டல், 3 கழித்தல், மிச்சம் 1. கேள்விக்குக் கால் மதிப்பெண்தான். இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று தள்ளிவிட முடிந்தாலோ, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைக்கும். சராசரி என்பதை மறக்க வேண்டாம். கண்மூடித்தனமாக 20 கேள்விகளைக் குறிப்பவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மதிப்பெண் குறையவே செய்யும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ எவ்வளவு நேரம் ஆகும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால் விடை 2 விநாடி. வர்க்கமூலம் எடுக்க மறந்தவருக்கு 4 வரும். சூத்திரத்தில் உள்ள அரையை மறந்தவருக்கு 1.41 வரும். 4-உம் 1.41-உம் விடைகளின் வரிசையில் தயாராகக் காத்திருக்கும்! தவறான விடைகளைக் கேள்வி தயாரிப்பவர் நம் தவறுகளிலிருந்தே பொறுக்கி எடுக்கிறார். அதனால் அரைகுறையாகத் தெரிந்தவர், ஒன்றும் தெரியாமல் குறிப்பவரைவிட மோசமாகத் தவறுவதும் உண்டு.

அந்தப் பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன். தவறிய கேள்வி, தான் குறித்த விடை, ஏன் குறித்தான் என்று ஒரு வரி. "கவனக்குறைவு" என்ற சொல்லை மட்டும் எழுதக் கூடாது என்றேன். மூன்றாம் நாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அந்தக் கேள்விகளை விடையை மறைத்துக்கொண்டு மறுபடி போட வேண்டும். இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நிலைக்கும் என்பது 1885-இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்துக் கண்ட பழைய உண்மை.

முதல் வாரம் அவனுக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. படிக்க வேண்டிய நேரத்தை இது தின்கிறது என்று முணுமுணுத்தான். அடுத்த தேர்வில் மதிப்பெண் சற்றே உயர்ந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்று மாலை அவனே நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், இந்தக் கேள்விக்கு எனக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. ஆனால் நான் போட்ட வழி தப்பு. இதையும் எழுதட்டுமா?" என்று கேட்டான்.