சிரிக்க வைப்பவனின் கூலி

அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை வேந்தர் கோனன் ஓபிரயன். தம் துணுக்குகளை அவர் எடுத்தாண்டுவிட்டார் என்று 2015-இல் வழக்குத் தொடுத்தார் ஓர் எழுத்தாளர். ஓபிரயன் மறுத்தார். ஏறத்தாழ 4 ஆண்டு இழுத்த வழக்கு, 2019-இல் சமரசத்தில் முடிந்தது.

திருட்டா, தற்செயலா? அதற்குத் தீர்ப்பெழுத நாம் வரவில்லை. அந்நாட்டுச் சட்டம் சொல்லுக்குக் காவல் நிற்கிறது, கருத்துக்கு நிற்பதில்லை. அப்படியானால் ஏழை எழுத்தாளனுக்கு ஏது பாதுகாப்பு?

சங்கந்தான்! தொலைக்காட்சித் தொடர்களை எழுதியவர் யாரென்ற தகராறு எழுந்தால், தீர்த்துவைப்பது அங்கே எழுத்தாளர் சங்கமே. 2023-இல் அச்சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஊதிய உயர்வும், செயற்கை நுண்ணறிவுக்கு வரம்பும் பெற்றது.

தனியே நின்றவருக்குக் கிடைத்தது சமரசம்; சேர்ந்து நின்றோருக்குக் கிடைத்தது உரிமை. சிந்தனையும் உழைப்பே, தோழர்களே!