மூளையில்லை, 24 கண்கள் உண்டு

1955 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடற்கரை ஊரான கார்ட்வெல்லில், ஆழமில்லாத நீரில் ஏதோ கொட்டி ஐந்து வயதுச் சிறுவன் இறந்துபோனான். கெய்ன்ஸ் மருத்துவர் ஹ்யூகோ ஃப்ளெக்கரின் யோசனைப்படி போலீசார் அங்கே வலை வீசினார்கள். சிக்கியவற்றில் ஒன்று, அதுவரை பெயரே இல்லாத பெட்டி வடிவ ஜெல்லி மீன். அதை ஆராய்ந்த ரொனால்ட் சவுத்காட், மருத்துவரின் பெயரைச் சேர்த்து 'கைரோனெக்ஸ் ஃப்ளெக்கெரி' என்று பெயரிட்டார்.

அன்று முதல் அதைக் கொலைகாரன் என்றே எழுதிவருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அது தேடுவது இறாலையும் சிறு மீனையும்தான். உடம்பு முழுக்கத் தண்ணீர். மூன்று மீட்டர் வரை நீளும் இழைகளோ மெல்லியவை. பிடிபட்ட மீன் துள்ளினால் அறுந்துவிடும். தொட்ட மாத்திரத்தில் இரை அடங்கியாக வேண்டும். அவ்வளவு கடுமையான நஞ்சு அதற்குத் தேவைப்படுவது இதனால்தான்.

என்னை அதிகம் வியக்க வைப்பது கண்கள். நான்கு பக்கமும் ஆறு ஆறாக மொத்தம் 24. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கண்களுக்கு நம்முடையதைப் போலவே வில்லையும் விழித்திரையும் உண்டு. மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் தடைகளைப் பார்த்து விலகி நீந்துகிறது. அதன் கரீபியன் உறவினம் ஒன்று, விரல் நகமளவுதான், அலையாத்தி வேர்களிடையே வாழ்வது. சில முறை மோதியபின் விலகக் கற்றுக்கொள்கிறது என்று 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மூளை இல்லாமலும் கற்க முடியும் என்பது எவ்வளவு பெரிய செய்தி!

இழைகளில் லட்சக்கணக்கான கொட்டும் செல்கள். ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடக்கும் நுண்குழாய், தோல் பட்டதும் சீறிப் பாய்ந்து நஞ்சை இறக்கும். அந்த நஞ்சு செல்களின் சவ்வைத் துளைக்கிறது. இழைகள் உடலில் நிறையச் சுற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடலாம். 1970 முதல் நச்சுமுறிவு மருந்து இருக்கிறது. ஆனால் அது வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பவர் பக்கத்தில் நிற்பவர்தான்.

அக்டோபர் முதல் மே வரை டார்வின், கெய்ன்ஸ் பக்கம் போகிறவர்கள் பாதுகாப்பு வலைக்குள், உடல் மூடும் நீச்சல் உடையோடு மட்டும் குளியுங்கள். யாரையாவது கொட்டினால் உடனே அவசர உதவியை அழையுங்கள். தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை நிமிடமாவது வினிகர் ஊற்றுங்கள். வலி குறையாது, ஆனால் வெடிக்காத செல்கள் அடங்கும். மூச்சு நின்றால் முதலில் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.