அவுஷ்விட்ஸ், உப்புச் சுரங்கம், கற்பிட்டி: நமது நினைவைக் காப்பது யார்?

போலந்தின் கிராகோவ் நகரில் சுற்றுலா முகவர்கள் விற்கும் ஒரு நாள் பயணம் உலகப் பிரசித்தம். காலையில் ஹோட்டல் வாசலில் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். முற்பகலில் அவுஷ்விட்ஸ் வதைமுகாம். பஸ்ஸிலேயே பகல் உணவுப் பொதி. பிற்பகலில் வியலிச்கா உப்புச் சுரங்கம். இரவு உணவுக்கு மீண்டும் ஹோட்டல். கட்டணம் ஒன்று, வழிகாட்டி உண்டு, வரிசையில் நிற்கும் தொல்லை இல்லை.

அவுஷ்விட்ஸில் ஹிட்லரின் நாஸிகள் சுமார் 11 இலட்சம் பேரைக் கொன்றார்கள். அவர்களில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் யூதர்கள். வியலிச்கா 13ஆம் நூற்றாண்டிலிருந்து உப்பு வெட்டிய இடம். நிலத்துக்குக் கீழே 327 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. 101 மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே செதுக்கிய தேவாலயமும், உப்புப் பளிங்கில் செய்த சரவிளக்குகளும் இருக்கின்றன. இரண்டும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளவை. சுரங்கம் 1978இலும் முகாம் 1979இலும் சேர்க்கப்பட்டன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது தூரக் கணக்கில் சரிதான். ஆனால், காலையில் பிணக்கிடங்கு, மாலையில் பளிங்கு மண்டபம் என்று மனிதனின் மனம் அவ்வளவு விரைவாகத் திரும்புமா என்ற கேள்வி அங்கேயே பல காலமாக எழுப்பப்பட்டு வருகிறது.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. புத்தளம் மாவட்டக் கரையில் வாழும் நமக்கும் உப்பு உண்டு, சுற்றுலாப் பயணி உண்டு, பெரிய துயரம் ஒன்றும் உண்டு. நம்மிடம் இல்லாதது அந்தத் துயரத்துக்கான இடம் மட்டும்தான்.

கொழும்பிலிருந்து வரும் வெளிநாட்டவர் பாலாவிச் சந்தியில் திரும்பி கற்பிட்டிக்குப் போகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறார்கள். மே மாதத்துக்குப் பிறகு காற்றாடிச் சறுக்கலுக்கு வருகிறார்கள். ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கிறார்கள். மறுநாள் வில்பத்துக் காட்டுக்குப் போகிறார்கள். வழியில் உப்புப் பாத்திகளைப் படம் பிடிக்கிறார்கள். அந்தச் சாலையின் இரு பக்கமும் உள்ள குடியிருப்புகளில் பல ஏன் முளைத்தன, எந்த மாதத்தில் முளைத்தன என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் ஒரே மாதத்துக்குள் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கி அறிவிப்புச் செய்து ஒஸ்மானியாவின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியால அவகாசத்தில் போகச் சொன்னார்கள். நகை, பணம், வீட்டு உறுதி எல்லாம் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கடல் தாண்டிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய அதே புத்தளக் கரைப் பிரதேசம், ஆறரை நூற்றாண்டுக்குப் பின் அகதிகளின் கரையானது. 2025 ஒக்டோபருடன் இதற்கு 35 ஆண்டுகள் நிறைவடைந்தன.

இரண்டு துயரங்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவுஷ்விட்ஸ் ஒரு சமூகத்தையே உயிரோடு அழிக்கக் கட்டப்பட்ட ஆலை. வடக்கில் நடந்தது இனச்சுத்திகரிப்பு. அந்த மக்கள் உயிரோடு வந்தார்கள், வாழ்ந்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் துயரத்தை எப்படிப் பாதுகாப்பது, யார் பாதுகாப்பது என்ற விடயத்தில் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது உண்டு.

இங்கே சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். காஸாவில் நடப்பதை அன்றாடம் பார்த்துக்கொண்டு யூதர்களின் நினைவிடத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. யூதப் படுகொலையின் நினைவை இன்னொரு மக்களை நசுக்குவதற்கான அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்துவது பெரும் அநியாயம். ஆனால் அதற்குப் பதிலாகப் படுகொலையே நடக்கவில்லை என்று சொல்வது இன்னொரு அநியாயம். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவற வைக்கக் கூடாது என்பது சூரா அல்மாயிதாவின் பாடம். தவிர, காஸா விவகாரத்தில் தென்னாபிரிக்கா 2023 டிசம்பரில் சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது 1948ஆம் ஆண்டு இனப்படுகொலைச் சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான். அந்தச் சாசனம் அவுஷ்விட்ஸின் சாம்பலிலிருந்து பிறந்தது. அவுஷ்விட்ஸை மறுக்கும் முஸ்லிம் தான் அமர்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டுகிறார்.

நமக்கு இன்னொரு உறவும் அங்கே உண்டு. பசியால் எலும்பும் தோலுமாகி, சாவின் விளிம்பில் எதையும் உணராமல் நடமாடிய கைதியை அந்த முகாமின் கொச்சை மொழியில் ‘முசல்மான்’ என்றே அழைத்தார்கள். கைவிடப்பட்ட மனிதனுக்கு நமது பெயரை வைத்தார்கள். 2020 ஜனவரி 23ஆம் திகதி உலக முஸ்லிம் லீக்கின் செயலாளர் நாயகம் முஹம்மத் அல்-ஈஸா ஒரு குழுவுடன் அவுஷ்விட்ஸ் சென்று தொழுதார். அவருடைய அரசியலைப் பற்றி விமர்சனங்கள் இருக்கலாம். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் நிலத்தில் ஒரு முஸ்லிம் தலை தாழ்த்தி நிற்பதில் குறை காண எனக்குக் காரணம் தெரியவில்லை.

அப்படிப்பட்ட இடங்களுக்கு எப்படிப் போவது என்பதற்கு நமது ஸீறாவிலேயே வழிகாட்டல் இருக்கிறது. தபூக் பயணத்தில் ஸமூத் கூட்டத்தார் அழிந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அங்கே நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அங்கே அழிந்தவர்கள் அநியாயக்காரர்கள். அவுஷ்விட்ஸில் மாண்டவர்கள் அநியாயம் செய்யப்பட்டவர்கள். இந்த வேறுபாடு முக்கியம். ஆனாலும் அழிவு நடந்த இடம் வேடிக்கை பார்க்கும் இடமல்ல என்ற ஒழுக்கம் இரண்டுக்கும் பொருந்தும்.

இனி, அந்த ஒரு நாள் பயணத்துக்கு வருகிறேன். முகாமையும் சுரங்கத்தையும் ஒரே நாளில் வைத்தது பெரிய குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஜனாஸா அடக்கிவிட்டு வந்து சோறு உண்பதும் மனித வாழ்க்கைதான். எனக்குப் படும் குறை வேறு. துயரம் ஒரு தரிப்பிடம், உப்பு இன்னொரு தரிப்பிடம் என்று பயணி நினைத்துக்கொள்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே கதையின் பகுதிகள். 1944இல் ஜேர்மானியர் வியலிச்கா சுரங்கத்துக்குள் ஆயுத உற்பத்திக்கான ஆலை ஒன்றை அமைக்க முயன்றார்கள். பிளாஷோவ் உள்ளிட்ட முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கான யூதக் கைதிகளை அங்கே அடிமை வேலைக்குக் கொண்டுவந்தார்கள். உப்புச் சரவிளக்கைப் பார்த்து வியக்கும் பயணியின் காலடியிலும் அந்தக் கைதிகளின் தடம் இருக்கிறது.

நமது கரையிலும் இதுவே நிலை. களப்பின் நீரைத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வற்றவைத்து, கடைசிப் பாத்தியில் படியும் உப்பை வாரிக் குவிக்கும் வேலை லேசானதல்ல. கால் வெடிக்கும், கண் எரியும். 1990க்குப் பிறகு இந்த உப்பளங்களிலும் கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் நாட்கூலிக்கு நின்றவர்களில் பெருந்தொகையானோர் வடக்கிலிருந்து வந்த நமது உம்மாமார். மன்னாரில் சொந்த வயலும் யாழ்ப்பாணத்தில் சொந்தக் கடையும் வைத்திருந்த குடும்பங்கள், கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு பிறருடைய பாத்தியில் உப்பு வாரின. ஆகவே இங்கே உப்பளத்தைக் காட்டிவிட்டு அகதியைக் காட்டாமல் போவது பாதிக் கதையைச் சொல்வதாகும். 2025இல் மழை உப்பு விளைச்சலைக் கெடுத்து, தீவு நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தபோது எல்லோரும் உப்பைப் பற்றிப் பேசினார்கள். அதை வாரிய கைகளைப் பற்றிப் பேசியவர் குறைவு.

இந்தக் கதையை யார் சொல்வது? அவுஷ்விட்ஸ் நினைவகத்தைச் சுற்றுலாக் கம்பனிகள் உருவாக்கவில்லை. முகாம் விடுவிக்கப்பட்டது 1945 ஜனவரி 27. முன்னாள் கைதிகளே முன்நின்று முயன்றதால், 1947இல் போலந்துப் பாராளுமன்றம் அதைச் சட்டப்படி நினைவகமாக்கியது. இரண்டரை ஆண்டுதான் இடைவெளி. முகவர்களின் பஸ்கள் பின்னால் வந்தன. அந்த இடத்துக்கென்று ஓர் ஒழுங்கு முன்பே இருந்ததால், இன்று எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதை முற்றாகச் சந்தையாக்க முடியவில்லை. ஸ்ரெப்ரெனிட்ஸாவிலும் 1995 ஜூலையில் கொல்லப்பட்ட 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களின் தாய்மாரும் மனைவிமாரும் விடாது நின்றதால்தான் பொட்டோச்சாரி நினைவிடம் எழுந்தது. ஐ.நா. பொதுச்சபை 2024 மே மாதம் ஜூலை 11ஐ அதன் நினைவு நாளாக அறிவித்தது. நமது நாட்டிலேயே காத்தான்குடி மக்கள் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி தொழுகையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். பள்ளிவாசல் சுவரின் சன்னத் துளைகள் அங்கே அப்படியே பேசுகின்றன.

வடக்கு முஸ்லிம்களுக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. ஆவணங்கள் சில உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மர்ஹூம் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மக்களின் இழப்புகளைப் பதிவு செய்வதில் செலவிட்டார். வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அறிக்கை அலுமாரியில் இருக்கும். அகதிமுகாமில் பிறந்து இன்று தானே தாயாகிவிட்ட பெண்ணின் பிள்ளைக்கு அது எட்டாது. 1990இல் 30 வயதில் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு இப்போது 65. அந்தத் தலைமுறை ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நினைவகம் என்றவுடன் எழும் ஆட்சேபங்களை நான் அறிவேன். சிலையும் தூபியும் நமது மார்க்கத்துக்கு ஒவ்வாதவை என்பது முதலாவது. உண்மை. அதனால் சிலை வேண்டாம். ஒரு வீடு போதும். கொண்டுவந்த திறப்புகள், கைக்குத் தப்பிய உறுதிகள், பள்ளிவாசல் திருமணப் பதிவேடுகள், பாடசாலை வரவு இடாப்புகள், வள்ளத்தின் ஒரு பலகை, வயோதிபர்களின் குரல் பதிவுகள். அவுஷ்விட்ஸில் பார்ப்பவர் நெஞ்சைப் பிளப்பதும் சிலைகள் அல்ல, பெயர் எழுதிய பெட்டிகளும் குவிந்து கிடக்கும் சப்பாத்துகளும்தான்.

தமிழ் மக்களுடன் மீண்டும் கட்டியெழுப்பும் உறவை இது கெடுக்கும் என்பது இரண்டாவது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடகச் சந்திப்பில் புலிகளின் தரப்பே இதைத் தவறென்று ஏற்றது. தமிழ் மக்களிடையே இதை இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்ன தலைவர்களும் உண்டு. பொய்யின் மேல் கட்டும் உறவு நிலைக்காது. அதே வீட்டில், அழுதபடி வழியனுப்பிய தமிழ் அயலவரின் கதையும் இருக்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களின் துயரத்தை மதிக்காத நினைவகம் நீதியின் பெயரைச் சொல்லத் தகுதியற்றது. நமது கண்ணீரைத் தென்னிலங்கை இனவாதிகள் தங்கள் கூட்டத்துக்கு வாடகைக்கு எடுப்பதையும் இதுதான் தடுக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. புத்தளத்தில் நினைவகம் கட்டினால், ‘இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்’ என்று முத்திரை விழாதா? மீளக்குடியேற்றம் இன்னும் முடியவில்லை. முசலியில் திரும்பிப் போனவர்களை 2012ஆம் ஆண்டு வன ஒதுக்கு அறிவித்தலும் வில்பத்துப் பிரசாரமும் காடழிப்பவர்களாக்கின. 2019 நவம்பரில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பஸ்கள் மீது வழியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இந்த நிலையில் எனது பதில், ஆவணம் உரிமையை அழிக்காது, காக்கும் என்பதே. ஊர் பெயரும் உறுதி இலக்கமும் பதிவான வீடு, ‘நீ எப்போது இங்கே இருந்தாய்?’ என்று கேட்கும் அதிகாரிக்கான பதில். அதன் இன்னொரு பிரதியை யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் எருக்கலம்பிட்டியிலும் வைக்கலாம்.

அந்த வீட்டில் புத்தளத்து மக்களுக்கும் ஓர் அறை வேண்டும். தங்கள் வறுமையிலும் பள்ளிவாசலையும் பாடசாலையையும் கிணற்றையும் திறந்துவிட்டவர்கள் அவர்கள். பிறகு காணி, தண்ணீர், பாடசாலை இடம், தொழில் ஆகியவற்றில் உரசல்களும் வந்தன. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்ஸாரிகளின் கதை இல்லாமல் முஹாஜிர்களின் கதை முழுமையாகாது.

இது அரசியல்வாதியின் பெயர்ப்பலகைத் திட்டமாக ஆகக் கூடாது. கட்டடத்தைவிடப் பதிவு முக்கியம். ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன் மஹல்லாவில் 60 வயதைக் கடந்த இடம்பெயர்ந்தோரின் பட்டியலை எடுக்கட்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் குரலைப் பதிந்து, உறுதிகளையும் படங்களையும் பிரதி எடுக்கட்டும். இதற்கு வெளிநாட்டு நிதியோ அமைச்சரின் கையொப்பமோ தேவையில்லை. அடுத்த ஒக்டோபருக்குள் ஒரு மஹல்லாவாவது இதைச் செய்து முடித்தால், கற்பிட்டிக்கு வரும் பயணிக்கு டொல்பினுக்கும் உப்புக்கும் இடையில் காட்ட நம்மிடம் உண்மையான ஒன்று இருக்கும். அவர் வராவிட்டாலும் நமது பிள்ளைகளுக்கு அது இருக்கும்.