பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? ‘ராஜபாளையம்’, ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’னு டைப் பண்ணினாலே தெரிஞ்சிடும்!

பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். காலேஜ் முடிக்கும் வரை ஓடியது. இப்போது ஆன் செய்தால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு ஸ்லோ. தூக்கிப் போடவும் மனசு வராது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி ஊர்களில் பல வீட்டுப் பீரோக்களில் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கடைக்குக் கொண்டுபோனால் “இது இனிமே தாங்காதுங்க, புதுசு வாங்கிருங்க” என்பார்கள்.

உண்மையில் தாங்காதா? தாங்கும். ஆனால் என்ன போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப், குறைந்தது 4 ஜிபி ரேம், ஓரளவு புதிய பிராசசர் எல்லாம் வேண்டும். பத்து வருடப் பழைய மெஷின் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று மாநில அரசு அறிவுறுத்தியது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது இந்த பாஸ். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் சேர்ந்தே வந்தது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பது வேறு கதை.

டெஸ்க்டாப் வேறு, டூல்கிட் வேறு

லினக்ஸில் திரை எப்படி இருக்கணும் என்பதை நாமே தேர்வு செய்யலாம். கீழே இருக்கும் பட்டை, மெனு, ஃபைல் மேனேஜர் எல்லாம் சேர்ந்ததுதான் டெஸ்க்டாப். பட்டன், மெனு, எழுத்து ஆகியவற்றைத் திரையில் வரைந்து தரும் கருவிப்பெட்டிதான் டூல்கிட். வீடு டெஸ்க்டாப் என்றால், செங்கலும் ஜன்னலும் டூல்கிட்.

பெரிய டூல்கிட்கள் இரண்டு. ஒன்று ஜிடிகே. ‘கிம்ப்’ என்ற படம் திருத்தும் மென்பொருளுக்காக 90-களில் எழுதப்பட்டது. க்னோம், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்கள் இதில் நிற்கின்றன. இன்னொன்று நார்வேயில் பிறந்த க்யூடி. கேடிஇ பிளாஸ்மா, எல்எக்ஸ்க்யூடி இரண்டும் இதன் மேல் கட்டப்பட்டவை.

லைட் வெயிட் என்று பேர் வாங்கியவை எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி. எக்ஸ்எஃப்சிஇ 1996-இல் தொடங்கிய பழைய கை. நிதானமாகத்தான் மாறும், ஜிடிகேயின் 3-ஆம் பதிப்புக்கு முழுசாக வந்து சேரவே 2019 ஆனது. எல்எக்ஸ்க்யூடியின் கதை வேறு. தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006-இல் ஜிடிகேயை வைத்து எல்எக்ஸ்டிஇ-யைத் தொடங்கினார். ஜிடிகே 3 பிடிக்காததால் க்யூடிக்குத் தாவினார். 2014-இல் எல்எக்ஸ்க்யூடி வந்தது. லுபுண்டு 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து இதையே பயன்படுத்துகிறது.

ரேம் கணக்கு மட்டும் போதுமா?

இணையத்தில் ஒப்பீடுகள் எல்லாம் ‘எது குறைந்த ரேம் எடுக்கும்’ என்பதோடு முடிந்துவிடும். பதிப்பைப் பொறுத்து மாறினாலும், லைட் டெஸ்க்டாப்கள் சுமார் அரை ஜிபியில் எழுந்து நிற்கும். க்னோம் ஒரு ஜிபியைத் தொடும், தாண்டவும் செய்யும். இதைவிட லைட்டானதும் உண்டு. எஃப்எல்டிகே என்ற குட்டி டூல்கிட்டை நம்பியிருக்கும் டைனி கோர் லினக்ஸின் அடிப்படைப் பதிப்பு ஒரு சில பாட்டு ஃபைல் அளவுதான். அப்போ அதுதானே பெஸ்ட்?

இங்கேதான் இந்த இரண்டு ஊர்ப் பேர்களும் வேலைக்கு வருகின்றன.

‘ராஜபாளையம்’ என்பதில் ‘ளை’யைக் கவனிக்கலாம். கம்ப்யூட்டர் யூனிகோடில் முதலில் ‘ள’, பிறகு ஐகாரக் குறி என்றுதான் சேமிக்கும். திரையில் அந்தக் குறி ‘ள’வுக்கு முன்னால் வரணும். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ இன்னும் சிக்கல். ‘ஸ்ரீ’ என்பது உள்ளே நான்கு குறியீடுகள்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. நான்கும் சேர்ந்து ஒரே வடிவமாக மாறணும்.

இந்த மாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல். ஆண்ட்ராய்டு போனில் தமிழ் சரியாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். இன்றைய ஜிடிகே, க்யூடி இரண்டுமே இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அளவைக் குறைக்கும் குட்டி டூல்கிட்கள் பலவற்றில் முதலில் கழற்றி வைக்கப்படுவது இந்த வேலைதான். எஃப்எல்டிகேயின் 1.3 வரிசை லினக்ஸில் இதைச் செய்யாது. ஐகாரக் குறி ‘ள’வுக்குப் பின்னால் போய் உட்காரும், ‘ஸ்ரீ’ ‘ஸ்’ தனி, ‘ரீ’ தனி என்று உடைந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இது இழப்பே இல்லை. ஊராட்சிக்கு மனு எழுதுகிறவருக்கும், பால்கோவா கடைக்கு பில் அடிக்கிறவருக்கும், தமிழ் மீடியம் பிள்ளைக்கும் அப்படி இல்லை. அவர்களிடம் ‘லைட்’ என்று கொடுப்பது, எடை குறையட்டும் என்று சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிள் கொடுப்பது மாதிரி.

சரி, எதைப் போடலாம்?

2 ஜிபி ரேம் என்றால் எல்எக்ஸ்க்யூடி. லுபுண்டுவாகவோ டெபியனாகவோ போடலாம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ சௌகரியமாக ஓடும். இரண்டுக்கும் நடுவே ரேம் வித்தியாசம் பெரிதல்ல. எது கைக்குப் பழக்கமோ அதுவே போதும்.

‘ஜிடிகே ஆப், க்யூடி ஆப் கலக்கக் கூடாது’ என்ற அறிவுரையையும் ரொம்ப சீரியஸாக எடுக்க வேண்டாம். கலந்தால் இரண்டு நூலகங்களும் நினைவகத்தில் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் ஜிடிகேயில் ஓடும், விஎல்சி க்யூடியில் ஓடும். இரண்டும் எல்லார் வீட்டிலும் இருக்கும். நிஜத்தில் ரேமைத் தின்பது பிரவுசரின் டேப்கள்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் வரும் வேகம், டெஸ்க்டாப் மாற்றுவதால் வருவதைவிட அதிகம்.

போடுவதற்கு முன் பென் டிரைவில் லைவாக ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஃபைல் மேனேஜரில் இரண்டு ஃபோல்டர் உருவாக்கி, இரண்டு ஊர்ப் பேரையும் தமிழ்99-இல் டைப் செய்தால் போதும். பேர் உடையாமல் வந்தால் தேறியது.

இந்த வேலை யாருடையது?

இதைத் தனி ஆளின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்த அரசு, அவை பழசான பிறகு என்ன ஆகும் என்பதையும் யோசித்திருக்கணும். பழைய மெஷின்களுக்கென்று தமிழில் சோதித்த ஒரு லைட் பதிப்பும், தாலுகாவுக்கு ஒரு இன்ஸ்டால் முகாமும் நடத்த பெரிய பட்ஜெட் தேவையில்லை. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை இது.

ஒரு மெஷின் பிழைத்தால், அடுத்து பிளஸ் ஒன் போகும் தம்பிக்கோ தங்கைக்கோ அது போய்ச் சேரும். அதில் தன் ஊர்ப் பேரையாவது அந்தப் பிள்ளை சரியாகப் படிக்க முடியணும்.