டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் இடையில

பிள்ளைக்கு ஐந்து வயசானால் போதும், வீட்டுக்கு வாறவையெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பினம்: "பெரிசா வந்து என்னவா வரப்போறீங்கள்?" பிள்ளை "டொக்டர்" என்று சொல்லும். தலையைத் தடவிவிட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவினம். டொக்டர் ஆக எங்கே படிக்க வேணும், எத்தனை வருஷம் படிக்க வேணும் என்று அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்தப் பிள்ளையோட கதைக்கிறதில்லை.

கதைக்காமல் நேரே சோதனையைத்தான் கொடுக்கிறோம். புலமைப்பரிசில் எழுதும்போது பிள்ளைக்குப் பத்து வயசு. அதற்கு எவ்வளவோ முன்னமே ரியூசன், மாதிரி வினாத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாக்ஸ் எல்லாம் தொடங்கிவிடும். 'வெட்டுப்புள்ளி' என்ற சொல் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பல்கலைக்கழகம் என்றால் உள்ளே எப்படியிருக்கும் என்று தெரியாது.

"சின்னப் பிள்ளையளுக்கு இப்பவே கம்பஸ், வேலை என்று ஏன் பாரம் ஏத்துறீங்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பாரம் ஏற்கனவே ஏற்றியாச்சு. எதற்காகச் சுமக்கிறோம் என்றுதான் பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கேதான். 'ஜேர்மன் ரெக்' என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேதான். ஏ9 வீதியால் பஸ்ஸில் போகிற பிள்ளை பெயர்ப்பலகையை வாசித்துவிட்டுப் போய்விடும். தன் அப்பா விதைக்கிற நெல்லைப் பற்றிப் படிக்கிறதுக்கென்றே ஒரு பீடம் இருக்கு என்பது அதற்குத் தெரியாது. அதேபோல, யாழ். பல்கலைக்கழகத்தில் கடற்றொழிலுக்கு ஒரு துறை இருப்பதும், மட்டக்களப்பில் இசையும் நடனமும் படித்துப் பட்டம் எடுக்கலாம் என்பதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

டொக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளரும். வீட்டில் ஒருவருமே கம்பஸ் வாசலை மிதிக்காத பிள்ளைக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாமல், ஓ.எல். முடிய "எனக்குப் படிப்பு ஏறாது" என்று ஒதுங்கிப்போன பெடியள் எங்கள் எல்லோருடைய ஊரிலும் இருக்கிறார்கள். என்.வி.கியூ. படிப்படியாக ஏறி ஏழாம் மட்டம் வரை போகலாம், அது பட்டத்துக்குச் சமம் என்று அவர்களில் பலருக்கு நேரத்துக்கு யாரும் சொல்லவில்லை.

அரசாங்கம் திட்டம் போடட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறையும் போய்விடும். இதை வாசிக்கிற உங்களில் பலர் கம்பஸில் இருக்கிறீர்கள், அல்லது வேலைக்குப் போகிறீர்கள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, நீங்கள் படித்த ஆரம்பப் பாடசாலை அதிபரிடம் ஒரு மணித்தியாலம் கேளுங்கள். மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளைகளோட இருந்து கதையுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், லாபில் என்ன செய்வீர்கள், கன்ரீனில் என்ன சாப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். ஏ.எல். இரண்டாந்தரம் எழுதித்தான் உள்ளே போனீர்கள் என்றால் அதையும் மறைக்காதீர்கள். ஊரில் இருக்கிற தாதி அக்காவையும் நில அளவை செய்கிற அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அளவு நாடாவைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வகுப்பறையை அளக்க விடுங்கள்.

மாக்ஸ் பற்றி மட்டும் அன்றைக்குக் கதைக்க வேண்டாம். அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கினம். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மணித்தியாலம் காணாமல் போகும், பாருங்கள்.