கடுஞ்சோதனையும் மெய்ச்சோதனையும்

விண்வெளியினின்று மீளும் ஓடம் காற்று மண்டலத்திற் புகுங்கால், அதன் முன்னுள்ள வாயு நெருக்குண்டு கொதித்துப் பிளாஸ்மா நிலையை எய்தும். சந்திரனை அணுகி மீளும் ஓரியன் ஓடம் மணிக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் வேகத்தில் வருவது. அதன் அடிக்கவசம் ஏறக்குறைய 2,760 பாகை செண்டிகிரேடு வெப்பத்தைத் தாங்குதல் வேண்டும். இக்கவசப் பொருளை நிலத்திலேயே ஆராய்தற்குக் கலிபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் மின்வில் உலைகள் உள. மின்வில்லினூடே வாயுவைச் செலுத்திப் பிளாஸ்மாவாக்கி, ஒலியினும் விரைவாகப் பாயவிட்டு, அப்பாய்ச்சலில் மாதிரித் துண்டை நிறுத்துவர்.

இத்தகைய சோதனை எத்துணைக் கடுமையோ அத்துணை நன்று என்பது நம்மிற் பலருடைய எண்ணம். நான் அதனை ஒப்புகிலேன். 2022-ம் ஆண்டில் நிகழ்ந்த ஆர்ட்டெமிஸ் முதற்பயணமே எனக்குச் சான்று. ஆளின்றிச் சென்ற அவ்வோடம் டிசம்பர் 11-ல் கடலில் நலமாக இறங்கிற்று. உள்ளறையின் வெப்பமும் 24 பாகையளவே. ஆயினும் கவசத்தை நோக்கியபோது, 100-க்கு மேற்பட்ட இடங்களிற் கரிப்படலம் துண்டுதுண்டாகப் பெயர்ந்திருந்தது. கரிந்து தேய்தல் இக்கவசத்தின் இயல்பே. பெயர்ந்து வீழ்தல் இயல்பன்று.

காரணம் யாது? அவ்கோட் என்னும் அப்பொருள் சூடேறுங்கால் அதனுள்ளே வாயு பிறக்கின்றது. முன்னர் நிலத்திற் செய்த சோதனைகளில், பறப்பில் நேர்ந்ததினும் வெப்பம் மிகுதி. அம்மிகு வெப்பத்தால் நுண்துளை மலிந்த கரி விரைவில் உண்டாயிற்று. வாயு அதனூடே வெளியேறிற்று. ஓரியனோ காற்றில் ஒருமுறை தோய்ந்து, மேலெழுந்து, மீளவும் புகுந்தது. அவ்விடைவேளையில் வெளிவெப்பம் தணியவே, துளைக்கரி உண்டாதல் தாமதித்தது. உட்சூட்டினால் வாயு மட்டும் பிறந்துகொண்டேயிருந்தது. போக்கிடமின்றி அழுத்தம் ஏறவே வெடிப்புகள் தோன்றின. மூடி இறுகிய பானையின் கதைதான்! இளந்தீயே இங்குக் கொடிதாயிற்று. ஏம்ஸ் உலையில் அவ்வேற்ற இறக்கத்தை மீண்டும் நிகழ்த்திக் கண்ட பின்னரே இது தெளிவாயிற்று. 2024 டிசம்பரில் உலகிற்கு அறிவித்தனர். ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மாணவ நண்பர்கள் இதனை ஊன்றி நோக்குவாராக.

நால்வர் ஏறும் இரண்டாம் பயணத்திற்கு, முன்னரே பொருத்திய கவசத்தை மாற்றாது, மீளும் பாதையை மாற்றுவதென அப்போது தீர்மானித்தனர். இதனைக் குறைகூறினாரும் உளர். காரணம் தெளிந்தபின் பாதையை மாற்றுதல் தவறென்று யான் கருதேன். ஆனால், பாதை மாறுந்தோறும் வெப்பத்தின் வரன்முறையும் மாறும். கணக்கை மட்டும் நம்பாது, அவ்வரன்முறையை உலையிலும் ஒருமுறை ஓட்டிப்பார்த்த பின்னரே எப்பயணத்திலும் ஆளேற்றுதல் தகும். பின்வரும் கவசங்களில் வாயு எங்கும் சீராக ஊடுருவிச் செல்லுமாறு அவ்கோட்டை அமைக்கத் திட்டமிட்டுள்ளனர். அதனைக் கொடுந்தீயில் மட்டுமன்று, இளந்தீயிலும் வாட்டிப் பார்ப்பாராக.