ஆராய்ச்சி யாருடைய சொத்து?

வெளிநாட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகைகளை நமது கல்வி ஸ்தாபனங்கள் படிப்பதற்காக மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் செலவிடுவதென்று மத்திய மந்திரி சபை 2024-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி தீர்மானித்தது. ‘ஒரே தேசம், ஒரே சந்தா’ என்பது திட்டத்தின் பெயர். 30 பிரசுரகர்த்தர்கள் வெளியிடும் சுமார் 13,000 சஞ்சிகைகளை, சர்க்கார் நிர்வாகத்திலுள்ள 6,300 ஸ்தாபனங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1.8 கோடி பேர் 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷங்களில் படிப்பதற்கு அது வகை செய்தது. தலைக்குக் கணக்கிட்டால் வருஷத்துக்குச் சுமார் 1,100 ரூபாய்தான் ஆகிறது. தனியே சந்தா கட்டச் சக்தியற்ற சிற்றூர்க் கல்லூரியின் மாணவனும் தில்லி மாணவனுக்குச் சமமாகப் படிக்கலாம் என்பது அற்ப லாபமன்று. அந்த அளவில் திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், வாங்கப்படும் சரக்கு எது, அதை விளைவித்தவர் யார் என்று கேளாமலிருக்க நம்மால் முடியவில்லை. நமது சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவர் பொதுப் பணத்தில் சம்பளம் பெற்று, பொதுப் பணத்தில் கிராமம் கிராமமாய்ச் சென்று விவரம் திரட்டிக் கட்டுரை எழுதுகிறார். சஞ்சிகையார் அவருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. கட்டுரை தகுதியுடையதா என்று பரிசோதித்துச் சொல்பவரும் வேறொரு பேராசிரியரே; அவருக்கும் பெரும்பாலும் கூலியில்லை. இவ்வாறு தானமாகப் பெற்ற கட்டுரையைப் பிரசுரகர்த்தர் அதை எழுதிய சர்வகலாசாலைக்கே விலைக்கு விற்கிறார். எல்ஸ்வியர் கம்பெனியை உடைய ரெலக்ஸ் ஸ்தாபனத்தின் விஞ்ஞான, வைத்தியப் பிரிவு, வருமானத்தில் 100-க்குச் சுமார் 38 பங்கை லாபமாக அண்மை வருஷங்களில் கணக்குக் காட்டியிருக்கிறது. மூலப் பொருளும் இனாம், கூலியும் இனாம் என்றால் இத்தகைய லாபம் வருவதில் என்ன வியப்பு?

சட்டத்தின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். நமது நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருஷங்களும் உரிமை நீடிக்கும். முப்பது வயதில் கட்டுரை எழுதிய ஒருவர் எழுபதாம் வயதில் காலமானால், அக்கட்டுரை 100 வருஷம் பூட்டப்பட்டிருக்கும். ஆசிரியருடைய குடும்பம் பிழைப்பதற்காக ஏற்பட்ட பாதுகாப்பு இது. ஆனால் ஆராய்ச்சியாளர் ஒரு கையெழுத்தில் தம் உரிமை முழுவதையும் கம்பெனிக்குச் சாஸனம் செய்து விடுகிறார். அனுமதியின்றிக் கட்டுரைகளை வழங்கிவந்த ‘சை-ஹப்’ தளத்தைத் தடுக்கும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் உத்தரவிட்டது. சட்டத்தை மீறும்படி நாம் யாருக்கும் உபதேசிக்கவில்லை. ஆனால் மாணவர் ஆயிரக்கணக்கில் பின்வாசலைத் தேடிப் போனார்களென்றால், முன்வாசல் அடைபட்டிருந்தது என்பதையும் சர்க்கார் உணர வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்தது மற்றொரு முறை: வாசகர் பணம் கொடுக்க வேண்டியதில்லை, எழுதியவரே கொடுக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு இது நன்றாயிருக்கிறது. ஆனால் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்று வந்துவிட்டால், கட்டுரையை மறுப்பது நஷ்டமும் ஏற்பது லாபமும் ஆகிவிடுகிறது. 2021-ல் வைலி கம்பெனியார் விலைக்கு வாங்கிய ஹிந்தாவி ஸ்தாபனத்தின் சஞ்சிகைகளிலிருந்து 2023-ம் வருஷத்தில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெயரையே கைவிடும்படி நேர்ந்தது.

நம் நாட்டிலோ நிலைமை இதனினும் பரிதாபகரமானது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஒரு கட்டுரையாவது பிரசுரமாகியிருக்க வேண்டுமென்று 2016-ம் வருஷத்து விதிகள் கட்டாயப்படுத்தின. உத்தியோக உயர்வுக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கை கணக்கிடப்பட்டது. எண்ணிக்கைக்குத் தேவை பிறந்ததும் அதை விற்பதற்குக் கடைகளும் பிறந்தன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் வருஷம் மே மாதத்தில் 4,305 சஞ்சிகைகளைத் தனது பட்டியலிலிருந்து நீக்கிற்று. பட்டத்துக்கான கட்டாயம் 2022-ல் எடுக்கப்பட்டது. குழுவின் புதிய பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. விதி போயிற்று, வழக்கம் போகவில்லை. கௌரவமான இளம் ஆசிரியர்கள் மாதச் சம்பளத்தைக் கொட்டி, யாரும் படிக்காத சஞ்சிகையில் தம் பெயரைப் பார்க்கிறார்கள். நிர்வாக இயல் கல்லூரிகள் பலவற்றில், ஆஸ்திரேலிய வணிகக் கல்லூரித் தலைவர்கள் சபையின் பட்டியலையும், லண்டன் ‘பைனான்ஷியல் டைம்ஸ்’ பத்திரிகை தேர்ந்த 50 சஞ்சிகைகளையும் கொண்டு நம் ஆசிரியர்களின் தகுதி அளக்கப்படுகிறது. காஞ்சீபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஏன் நலிகிறது என்ற கேள்விக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதை ஆஸ்திரேலியாவா தீர்மானிப்பது?

பொருளாதார ஆராய்ச்சி ஜனங்களின் சோற்றைத் தொடுகிற விஷயம். 2010-ல் பொருளாதாரப் பேராசிரியர்களான ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும், கடன் தேசிய வருமானத்தில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் வளர்ச்சி சராசரியாகப் பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே விழுகிறதென்று எழுதினர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செலவைச் சுருக்க விரும்பிய ராஜ்யவாதிகள் அதை ஆதாரமாக எடுத்துக்காட்டினர். மூன்று வருஷங்களுக்குப் பின், தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் மூலக் கணக்குத் தாளைக் கேட்டுப் பெற்றுத் தம் ஆசிரியர் இருவருடன் ஆராய்ந்தார். ஐந்து நாடுகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. வேறு குறைகளும் தென்பட்டன. அவர்கள் திருத்திய கணக்கில் வளர்ச்சி 2.2 சதவீதம். பொதுக் கருத்து மாறவில்லையென்று பேராசிரியர்கள் வாதித்தாலும், கூட்டலில் நேர்ந்த பிழையை ஒப்புக்கொண்டனர். பெட்டி திறந்தது, பிழை வெளிவந்தது. பூட்டியிருந்தால் யார் கண்டிருப்பர்?

நமக்கு இவ்விஷயத்தில் நல்ல பரம்பரை உண்டு. சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தத்தம் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் சேகரித்து 1918-ல் நூலாக வெளியிட்டார். அக்கிராமங்களைத் தாமஸும் ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றான இருவேல்பட்டைப் பற்றிய மறு ஆராய்ச்சி 1983-ல் பம்பாயிலிருந்து வந்த வாரப் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா குஜராத்தின் மாதர் தாலுகாவில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். இயற்கையை அழிக்காத பொருளாதாரத்தைப் பற்றிச் சிறையிலிருந்தே நூல் எழுதினார். இவர்கள் எந்தப் பட்டியலுக்காக எழுதினார்கள்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இன்று அந்த ஏடும் கண்ணில் படுவதில்லை. நொய்யலாற்றின் சாயக்கழிவைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலமுடைய விவசாயி தம் கிணற்று நீரைப் பற்றிய கட்டுரையைப் படிக்க விரும்பினால், பூட்டப்பட்ட சஞ்சிகையாயின் ஒன்றுக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்பார்கள். ‘ஒரே தேசம், ஒரே சந்தா’ என்பதில் அந்த விவசாயி சேரவில்லை. அவருடைய வரிப்பணம் மட்டும் சேர்ந்திருக்கிறது.

பரிசோதனைக்கும் பிரசுரத்துக்கும் செலவில்லையா என்று கேட்பார்கள். செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1997-ல் பிரேஸில் தேசத்தில் தொடங்கிய ‘ஸ்கியேலோ’ ஏற்பாடு, பொதுப் பணத்தின் துணைகொண்டு, எவரும் விலையின்றிப் படிக்கும்படி சஞ்சிகைகளை வெளியிட்டு வருகிறது. அங்கு முடிந்தது இங்கு முடியாதா?

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் அதன் மூலக் கணக்கும் பிரசுரமான அன்றே பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும். விஞ்ஞானம், உயிரியல் தொழில்நுட்பம் ஆகிய இரண்டு இலாகாக்கள் 2014-லேயே கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்கக் கொள்கை வகுத்தன. அது எல்லா இலாகாக்களுக்கும் விரிந்து, காகிதத்தில் நில்லாமல் நடைமுறைக்கு வர வேண்டும். இரண்டாவது, எந்த ஜனங்களைப் பற்றி ஆராய்ச்சி நடந்ததோ அவர்களுடைய பாஷையில் இரண்டு பக்கச் சுருக்கமாவது உடன் வர வேண்டும். மூன்றாவது, உத்தியோக உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுவதை விட்டு, சிறந்தவை இரண்டு மூன்றை வாசித்து மதிப்பிட வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்கும் பேரத்தில், இந்த உரிமைகளை முன்வைத்தே நமது பிரதிநிதிகள் பேச வேண்டும். 6,000 கோடி ரூபாய் கொடுத்த வாடிக்கைக்காரன் கைகட்டி நிற்க வேண்டிய அவசியமில்லை.

பிறர் நம்மைப் பற்றி எழுதியதை நாம் விலைக்கு வாங்கிப் படித்த காலம் ஒன்றுண்டு. நம்மைப் பற்றி நாமே எழுதியதையும் விலைக்கு வாங்குவது சுதந்திர தேசத்துக்கு அழகல்ல. ஜனங்களின் பணத்தில் விளைந்த அறிவு ஜனங்களின் சொத்து. அதை அவர்கள் கையில் ஒப்படைப்பது சர்க்கார் செய்யும் தர்மமன்று, கடமை.